தண்டுவடக் காயம்: விழுந்த நொடியோடு முடியாத சேதம்

தென்னையிலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தால் முதுகையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்பு மருத்துவத்தின் பழைய பாடங்களில் இது ஒன்று. காலூன்றி விழும்போது தாக்கும் விசை குதிகாலோடு நிற்பதில்லை. முழங்கால், இடுப்பு என்று மேலேறி, விலா எலும்புகளின் பிடியில் அசையாமல் இருக்கும் நடுமுதுகும் எளிதில் வளையும் கீழ்முதுகும் சேருமிடத்தில் போய் மோதுகிறது. அங்கே இருக்கும் முள்ளெலும்பு நசுங்கி வெடித்தால், உடைந்த துண்டு பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, தண்டுவடம் ஓடும் குழாய்க்குள் புகுந்துவிடும். குதிகால் வலியில் துடிப்பவர் முதுகைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கேட்டும் தொட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முதன்மைக் காரணங்கள் இரண்டு: உயரத்திலிருந்து விழுவது, சாலை விபத்து. மரம், கட்டடச் சாரம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, தலைச்சுமையோடு இடறுவது, ஆழம் பார்க்காமல் கிணற்றிலோ ஆற்றிலோ தலைகீழாகப் பாய்வது எல்லாம் முதல் வகை. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இழுத்துவிடுவது தெற்காசியாவில் காணும் இன்னொரு வகை.

விபத்தே இல்லாமலும் தண்டுவடம் கெடும். நம் ஊரில் அதில் முக்கியமானது முதுகெலும்புக் காசநோய். மாதக்கணக்கில் தீராத முதுகுவலி, மாலையில் லேசான காய்ச்சல், உடல் மெலிவு என்று தொடங்கி, சீழும் சிதைந்த எலும்பும் தண்டுவடத்தை அழுத்தக் கால்கள் மரத்துப்போகும். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்திலேயே பலர் எழுந்து நடக்கிறார்கள். ஆனால் மருந்தை ஏறத்தாழ ஒரு வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

முதுகெலும்பு முறிந்தவர் எல்லோருக்கும் கால் போவதில்லை. எலும்பு வெளிக்கூடு, உள்ளே ஓடுவதுதான் தண்டுவடம். வளர்ந்தவருக்கு அது ஏறத்தாழ 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. இடுப்புப் பகுதியின் முதலாவது அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் முடிந்துவிடும். அதற்குக் கீழே குழாயில் தொங்குபவை வெறும் நரம்பு வேர்கள். கை கால்களில் ஓடும் நரம்புகளின் இனத்தைச் சேர்ந்தவை என்பதால், அடிபட்டாலும் நாளைக்கு 1 மி.மீ. என்ற கணக்கில் மெல்ல வளரக்கூடியவை. தண்டுவடத்துக்குள் இருக்கும் இழைகளுக்கு அந்தத் திறன் கிட்டத்தட்ட இல்லை. ஒரே மாதிரி விழுந்த இரண்டு பேரில், இரண்டு அங்குலம் கீழே அடிபட்டவருக்கு மீளும் வாய்ப்பு கூடுதலாக இருப்பது இதனால்தான்.

காயத்தின் மட்டத்தைக் குறிக்க மருத்துவர்கள் கழுத்துக்கு சி, நெஞ்சுக்கு டி, இடுப்புக்கு எல், அதற்கும் கீழே எஸ் என்று எழுத்தும் எண்ணும் சேர்த்துச் சொல்வார்கள். மூச்சுக்கு வேண்டிய உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சி3, சி4, சி5 வேர்களிலிருந்து கிளம்புகிறது. அதற்கு மேலே முழுதாக அடிபட்டால் மூச்சு நின்றுவிடும். சி5 தப்பியிருந்தால் முழங்கையை மடக்கலாம். சி6 தப்பியிருந்தால் மணிக்கட்டைத் தூக்கலாம். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும் என்பதால், விரலில் ஒரு தசைகூட இயங்காதவர் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துவிட முடிகிறது. இது தெரியாமல் மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக நீட்டி இழுத்துப் பயிற்சி கொடுப்பவர்கள் அந்தப் பிடியையே கெடுத்துவிடுகிறார்கள். சி7 இருந்தால் முழங்கை நீளும். கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிக்கொள்ளலாம். ஏட்டில் ஒரே ஒரு மட்டம்தான் வித்தியாசம். வீட்டில் அது ஒரு உதவியாளரின் மாதச் சம்பளம்.

விபத்தில் தண்டுவடம் இரண்டாக அறுந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் நசுங்குகிறது, கன்றிப்போகிறது. அந்த நொடியில் செத்த செல்களை யாராலும் மீட்க முடியாது. ஆனால் சேதம் அங்கே நிற்பதில்லை. தண்டுவடத்தின் நடுப்பகுதியில் நுண்ணிய ரத்த நாளங்கள் மிகுதி. அவை கிழிந்து சில நிமிடங்களிலேயே ரத்தம் கசியத் தொடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் வீக்கம். கையில் அடிபட்டால் வீங்குவதற்கு இடமிருக்கிறது. இங்கே சுற்றிலும் எலும்பும் இறுக்கமான உறையும். வீங்கிய திசு அதற்குள் நெரிபடும்போது முதலில் சிரைகள் மூடிக்கொள்கின்றன, ரத்தம் தேங்குகிறது, புதிய ரத்தம் வருவது குறைகிறது. உடலின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் சக்தி நல்ல தண்டுவடத்துக்கு உண்டு. அடிபட்ட இடத்தில் அது போய்விடும். அதனால் கையில் கட்டிய பட்டையில் அழுத்தம் இறங்கினால், உள்ளே காயத்தின் ஓரத்தில் உயிரோடு இருக்கும் செல்களுக்கும் ரத்தம் இறங்கிவிடும்.

இன்னொரு பக்கம், சாகும் செல்களிலிருந்து குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. சாதாரண அளவில் அது நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் ஊடகம். அளவு மீறினால் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியத்தைப் பாய்ச்சி அவற்றையும் கொல்லும். முதல் நாளிலேயே வெள்ளையணுக்கள் வந்து குவிந்து அழற்சியைக் கூட்டும். நரம்பிழைகளுக்கு உறைபோடும் செல்கள் வாரக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஓய்ந்த பிறகு மிஞ்சுவது நீர் நிறைந்த ஒரு குழிவும், அதைச் சுற்றி இழைகள் தாண்ட முடியாத வடுவும். ஆக, முதல் அடி விதியென்றால் இரண்டாவது அடி பெருமளவு நம் கையில். ஆஸ்பத்திரியில் முதல் வாரத்தில் செய்யப்படும் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டாவது அடியைக் குறைக்கத்தான்.

அதற்கும் முன்பு, விழுந்த இடத்திலேயே கெடுக்கக்கூடியது நிறைய. ஒருவர் கையையும் இன்னொருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவதுதான் மிக மோசமான வழி. உடைந்த எலும்பு ஒவ்வொரு அசைவிலும் தண்டுவடத்தில் உரசும். 108-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். திருப்பியே ஆக வேண்டுமென்றால் நான்கு பேர் தேவை. தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிச் சொல்ல, மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையாக உருட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் இதே முறையில் பக்கவாட்டில் திருப்புவது அவசரம்; மூச்சுக்குழாய்க்குள் போனால் கழுத்தைக் காப்பாற்றியும் பயனில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஹெல்மெட்டை ஒற்றை ஆளாகக் கழற்றக் கூடாது.

சின்ன விஷயம், ஆனால் விளைவு பெரிது: கால்சட்டையின் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸையும் சாவிக்கொத்தையும் எடுத்துவிட வேண்டும். உணர்ச்சி போன உடம்பு சாவியின் மேல் இரண்டு மணி நேரம் படுத்திருந்தால், ஆறு மாதம் ஆறாத புண்ணுக்கு அது போதும். ஸ்ட்ரெச்சரின் கெட்டிப் பலகையும் அப்படித்தான். ஏற்றி இறக்க மட்டுமே அது. ஆஸ்பத்திரி சேர்ந்ததும் சீக்கிரமாக எடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரையறுத்த தொகை வரை, கட்டணமின்றிக் கிடைக்கிறது. இந்தக் காயத்தைப் பொறுத்தவரை அந்த 48 மணி நேரம் மிகச் சரியான கணக்கு. மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்பதுதான் குறை.

அவசரப் பிரிவில் முதலில் குழப்புவது ரத்த அழுத்தம். விபத்தில் அழுத்தம் இறங்கினால் எங்கோ ரத்தம் போகிறது என்றுதான் நினைப்பார்கள். அப்போது நாடி வேகமாகவும் தோல் சில்லிட்டும் இருக்கும். டி6 மட்டத்துக்கு மேலே தண்டுவடம் அடிபட்டால் ரத்த நாளங்களைச் சுருக்கிவைக்கும் கட்டளை நின்றுபோய் அழுத்தம் இறங்கும். ஆனால் நாடி மெதுவாகவும் தோல் கதகதப்பாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால் வயிற்றிலும் நெஞ்சிலும் ரத்தக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். சலைனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கும். நாளங்களைச் சுருக்கும் மருந்து தேவை. சராசரி ரத்த அழுத்தத்தை 85 முதல் 90 வரை, முதல் ஒரு வாரத்துக்குத் தாங்கிப்பிடிப்பது நெடுநாள் வழக்கம்; அண்மைய வழிகாட்டுதல்கள் கீழ்வரம்பைச் சற்றுத் தளர்த்தியிருக்கின்றன.

எலும்பைக் காட்டுவது சி.டி.; தண்டுவடத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஆனால் எதிர்காலத்தை அதிகம் சொல்வது ஒரு குண்டூசியும் கொஞ்சம் பஞ்சும்தான். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 புள்ளிகளில் தொடுதலையும் குத்தலையும், 10 தசைகளில் வலுவை 0 முதல் 5 வரையும் சோதித்து, ஏ முதல் ஈ வரை தரம் பிரிப்பார்கள். கடைசிச் சோதனை ஆசனவாயைச் சுற்றி. அங்கே உணர்ச்சியோ, விரலை இறுக்கும் சக்தியோ கொஞ்சமாவது இருந்தால் காயம் அரைகுறையானது. மேலிருந்து கீழ்வரை ஏதோ சில இழைகள் தப்பியிருக்கின்றன. எதுவுமே இல்லையென்றால் தரம் ஏ, முழுக்காயம். கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுக் குடும்பத்திடம் நம்பிக்கை கொடுப்பதோ கைவிரிப்பதோ இரண்டுமே தவறு.

எக்ஸ்ரேயில் முறிவே தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர் குளியலறையில் வழுக்கி முகம் மோதி விழுகிறார். தேய்மானத்தால் ஏற்கெனவே குறுகிப்போன கழுத்துக் குழாயில், தலை பின்னால் மடங்கிய ஒரு கணத்தில் தண்டுவடம் நசுங்குகிறது. கால் ஓரளவு நடக்கும். கை மட்டும் தூக்க வராது, விரல்கள் எரியும். பக்கவாதம் என்று நினைத்து மூளையைப் படமெடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவது நடக்கிறது.

அறுவை சிகிச்சையில் தண்டுவடத்தை யாரும் தைப்பதில்லை. அழுத்தும் எலும்பை எடுத்து இடம் கொடுப்பது, திருகுகளும் கம்பிகளும் வைத்து முதுகெலும்பை நிலைநிறுத்துவது, அவ்வளவுதான். 2012-ல் வெளியான, கழுத்துக் காயமுற்ற 313 பேரைச் சேர்த்துக்கொண்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களில், அந்த ஏ முதல் ஈ வரையிலான தரவரிசையில் இரண்டு படி முன்னேறியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். தாமதமாகச் செய்தாலும் பயன் இல்லாமல் போகாது: எலும்பு நிலைத்துவிட்டால் நோயாளியைச் சீக்கிரம் உட்காரவைக்கலாம், நுரையீரலும் தோலும் தப்பும்.

ஸ்டீராய்டு ஊசியின் கதை வேறு. 1990-ல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு, எட்டு மணி நேரத்துக்குள் வந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன், பிறகு 23 மணி நேரத்துக்கு மணிக்கு 5.4 மி.கி. என்பது உலகெங்கும் வேதவாக்கானது. பலன் சிறிது, நோய்த்தொற்று, குடல் ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் நிஜம் என்று பின்னால் தெரிந்து, 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்றது. 2017-ல் வந்த இன்னொரு சர்வதேச வழிகாட்டுதல், எட்டு மணி நேரத்துக்குள் என்றால் பரிசீலிக்கலாம் என்று கதவை மூடாமல் விட்டது. அடுத்த நாள் வந்தவருக்குப் போடுவதை யாருமே ஆதரிப்பதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு திருப்பம் வரும். ஆரம்பத்தில் துவண்டு கிடந்த கால்கள் திடீரென்று உதறும், மடங்கும், விறைக்கும். காயத்துக்குக் கீழே அதிர்ச்சியில் அடங்கியிருந்த அனிச்சைச் செயல்கள் விழித்துக்கொண்டதன் அடையாளம் இது. மூளையின் கட்டளை வந்ததற்கு அடையாளமல்ல. வீட்டில் ‘கால் அசையுது’ என்று மகிழ்ந்து, எண்ணெய்க்கட்டு வைத்தியத்துக்கும் தொலைதூர ஊர்களுக்கும் அலைந்து, வைத்திருந்த நிலத்தை விற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சொன்னவுடன் பெருவிரலை அசைக்க முடிகிறதா, சொன்னவுடன் நிறுத்த முடிகிறதா என்பதே சோதனை. ‘ஸ்டெம் செல்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இந்த நேரத்தில் வந்து சேருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு அது ஆராய்ச்சி மட்டுமே. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிச் செய்யக் கூடாது. மின்தூண்டலில்தான் இப்போது உருப்படியான நகர்வு தெரிகிறது. கழுத்துத் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டிப் பயிற்சியோடு சேர்த்துத் தரும் கருவி ஒன்றுக்கு, கை இயக்கத்தை மேம்படுத்துவதற்காக, 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதுவும் அரைகுறைக் காயத்துக்குத்தான்: தப்பிய இழைகள் இருந்தால்தான் தூண்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சீக்கிரமே செத்தார்கள். கொன்றது தண்டுவடமல்ல, சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மான் பொறுப்பேற்றபோது செய்த பெரிய மாற்றம், நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியதும் சிறுநீர்ப்பையைக் கிருமி அண்டாமல் காலிசெய்ததும்தான். 1948-ல் அங்கே 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. இந்தப் பக்கம் வேலூரில், 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி சி.எம்.சி.யில் அந்தத் துறையை உருவாக்கினார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

குட்மான் கவனித்த சிறுநீர்ப்பை, தோல் ஆகிய அந்த இரண்டும்தான் இன்றும் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாது. நிறைந்தாலும் பை சுருங்கும்போது வாய் இறுகிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பும். நிரந்தரமாக டியூப் போட்டு விடுவது வசதிதான். தொற்றும் கல்லும் கூடவே வரும். கைகள் இயங்குகிறவருக்கு நல்ல வழி, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தானே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திக் காலிசெய்துவிட்டு எடுத்துவிடுவது. ஒவ்வொரு முறையும் வருவது 500 மி.லி.க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. நாளைக்கு 2 லிட்டர் அளவில், பகலில் பரவலாகக் குடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் குறைத்துக்கொள்ளலாம். பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்று வந்தாலே ஆன்டிபயாட்டிக் எடுக்கத் தேவையில்லை. காய்ச்சல், குளிர், கலங்கிய சிறுநீரோடு கூடிய கசிவு, திடீரென்று கூடும் கால் விறைப்பு இவைதான் தொற்றின் அறிகுறி. வருடம் ஒருமுறை சிறுநீரகத்தை ஸ்கேன் பார்ப்பதை விடக் கூடாது. மலம் கழிப்பதற்கும் நேரம் பழக்கலாம்: சாப்பிட்ட அரைமணியில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் ஆசனவாயில் மாத்திரை வைத்தோ கையுறை போட்ட விரலால் தூண்டியோ ஒரே வேளையில் பழக்கினால் சில வாரங்களில் உடம்பு பிடித்துக்கொள்ளும்.

தோலுக்கு எதிரி அழுத்தம். படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை திருப்ப வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நன்றாகச் சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கைகளை ஊன்றி ஐந்து நொடி எழும்பிவிட்டு உட்காருவது போதாது. நசுங்கிய இடத்தில் ரத்தம் திரும்பப் பாய அந்த இரண்டு நிமிடம் பிடிக்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை வாங்கிக் கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவிலிருக்கும் தோலுக்கு ரத்தத்தை நிறுத்துகிறது. தினமும் கைக்கண்ணாடி வைத்துப் பிட்டத்தைப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்போ கருமையோ தெரிந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் எடை வைக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம், சுடுதண்ணீர்ப் பை இரண்டும் உணர்ச்சியில்லாத காலுக்கு ஆகாது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

டி6-க்கு மேலே அடிபட்டவர்களின் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒரு அவசர நிலை. திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து காயத்துக்கு மேலே வியர்வை, ரத்த அழுத்தம் விறுவிறுவென ஏற்றம். காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. அதை வலியாக உணர முடியாவிட்டாலும் உடம்பு நாளங்களை இறுக்கி எதிர்வினை காட்டுகிறது, மூளையால் அதைத் தணிக்க முடிவதில்லை. விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இடுப்புப் பட்டை, காலுறை, இறுக்கமான எதையும் தளர்த்த வேண்டும். பிறகு டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியூப் இல்லாதவருக்குக் கதீட்டர் போட்டுக் காலிசெய்ய வேண்டும். பெரும்பாலான நேரம் காரணம் சிறுநீர்ப்பைதான். அடுத்தது இறுகிய மலம். அதன் பிறகு புண், சதைக்குள் வளர்ந்த நகம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே தேட வேண்டும். மேல் அளவு 150-ஐத் தாண்டி நின்றால் மருந்து கொடுத்து இறக்க வேண்டும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கும். கழுத்தில் காயமுற்றவரின் வழக்கமான மேல் அளவு 90 முதல் 110 வரைதான். 140 என்று வந்தால் பணியிலிருக்கும் மருத்துவர் ‘பரவாயில்லையே’ என்பார். ஆகவே வழக்கமான அளவையும், எந்த மட்டத்தில் காயம் என்பதையும், செய்ய வேண்டியவற்றையும் ஒரு அட்டையில் எழுதி, சக்கர நாற்காலியின் பையிலேயே வைத்திருப்பது நல்லது.